சட்டைப்பைக்குள் வைத்த போன்

அப்பாவின் போனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் பேசினாலும் தானாகவே பதிவு செய்துகொள்ளும். வாங்கின புதிதில் எதையோ அழுத்தி அதை ஆன் செய்துவிட்டார். அணைக்கத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை. அம்மாவோடு சண்டை போட அதைவிடத் தோதான ஆயுதம் கிடைக்குமா?

அப்பா அருள்நாதன் நாகல் நகர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவர். வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மாவுக்குப் போன் போட்டு என்ன வாங்கிவர வேண்டும் என்று கேட்பார். கேட்டதில் ஒன்றை விட்டுவிட்டு வருவார். அம்மா பிடித்துக்கொண்டால், "நீ சொல்லவே இல்ல கிளாரா, இந்தா கேளு" என்று அதே இடத்தில் நின்று போட்டுக்காட்டுவார். பாதி நாள் அம்மா சொல்லியிருப்பாள். மீதி நாள் சொல்லியிருக்க மாட்டாள். அந்த மீதி நாளில் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"கட்டின பொண்டாட்டி பேசுறத ரெக்கார்டு பண்ற மனுசன எங்கயாச்சும் பாத்திருக்கியாடி? போலீஸ் ஸ்டேசன்ல குடும்பம் நடத்துற மாதிரில்ல இருக்கு" என்று அம்மா என்னிடம் பொருமுவாள்.

கடைசியாக நடந்தது தக்காளிச் சண்டை. அப்பா தக்காளி இல்லாமல் வந்தார். சொன்னேன் என்றாள் அம்மா. சொல்லவே இல்லை என்றார் அப்பா. போட்டுக்காட்டப் போனை எடுத்தார், அணைந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே சார்ஜரைப் பிடுங்கிய செத்த நேரத்தில் அணைந்துகொண்டிருந்ததுதான். அன்றைக்கு அணைந்தது பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அது மக்கர் பண்ணினால் முதுகை நகத்தால் நெம்பி, பேட்டரியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து மறுபடி போடுவாள். ஓடும். அப்பா போனையும் அப்படித்தான் கழற்றப் பார்த்தாள். கரண்டிக் காம்பால்கூட நெம்பினாள். அசையவில்லை. ஷோரூமுக்குக் கொண்டுபோனோம். கவுண்டரில் இருந்தவன் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாடலே நின்னுபோச்சு சார். ஒண்ணும் செய்ய முடியாது. புதுசு வாங்கிக்கங்க" என்றான்.

அப்பா வாங்கவில்லை. சவாரிக்கு ஒரு பட்டன் போனை வைத்துக்கொண்டார். பழையதும் சட்டைப்பையிலேயே கிடந்தது. "தக்காளி பஞ்சாயத்து முடியாம இதத் தூக்கிப்போட மாட்டேன்" என்பார்.

ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து அப்பா போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் பெட்டியை மூடுவதற்கு முன் இறந்தவர் புழங்கிய பொருள் ஒன்றை உள்ளே வைப்போம். மூக்குக்கண்ணாடியை வைக்கலாம் என்றார் சித்தப்பா. அம்மா கேட்கவில்லை. "இது இல்லாம அவரு தெருமுக்குக்கூடப் போக மாட்டாரு" என்று அந்தப் போனை அவர் சட்டைப்பைக்குள் செருகி, பையை நீவிவிட்டாள். எல்லோரும் அழுதோம். யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. ஓடாத போன்தானே.

தை மாதம் என் போனும் அதே மாதிரி அணைய ஆரம்பித்தது. ஷோரூமில் அதே பாட்டு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நேற்று வாங்கின மாதிரி இருக்கிறது, அதற்குள் புதுசு வாங்கு என்றால் இவர்களுக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டா? பேகம்பூரில் நுஸைபா என்ற பெண் போன் பழுது பார்ப்பதாகச் சொன்னார்கள். அங்கே போனேன். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அம்மாவும் கூட வந்தாள்.

நுஸைபா போனின் முதுகைச் சூடுகாட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகடை ஓரத்தில் விட்டு இழுத்தாள். பசை விட்டு முதுகு தனியாக வந்தது.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "இது தெறக்குமா தாயி?"

"ஒட்டி வச்சிருக்காங்கம்மா, அம்புட்டுத்தான். பேட்டரி வீங்கிருச்சு. வேற மாடலோடது ஒண்ணு இதுல ஒக்காரும்."

மாற்றினாள். போன் எழுந்தது. என் மகன் படம் திரையில் பழையபடி சிரித்தது.

"அவரு போனும் இப்படித்தான் அணைஞ்சு அணைஞ்சு போச்சு" என்றாள் அம்மா. "அதுல பேசினதெல்லாம்?"

"அநேகமா பேட்டரியாத்தான்மா இருக்கும். பேசினது, படம் எல்லாம் உள்ள அப்படியே இருக்கும். கொண்டாங்க, போட்டுத் தாரேன்."

"கொண்டாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு அம்மா படியிறங்கினாள்.

எனக்கு அந்த ஷோரூம் கண்ணாடியை உடைக்க வேண்டும் போலிருந்தது. பேட்டரியாக இருக்கும், வெளியே காட்டிப்பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்? அப்பாவின் படங்கள் எங்களிடம் இருக்கின்றன. குரல் இல்லை. இருவரும் பேசின பேச்சு அத்தனையும் மண்ணுக்குள் இருக்கிறது.

தெருவில் ஒரு தள்ளுவண்டி நிறையத் தக்காளி. அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"கல்லறையத் தோண்டணும்னா பாதர் விடுவாராடி?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம். படுத்திருக்கவர எழுப்ப வேணாம்" என்று அவளே சொன்னாள். பிறகு வண்டிக்காரர் பார்க்கப் பார்க்க அழுதாள்.

"அன்னிக்கு நான் தக்காளின்னு சொல்லவே இல்லடி ஜெஸ்ஸி. வெங்காயம் மட்டுந்தான் சொன்னேன். போன் எந்திரிக்காதுங்கிற தைரியத்துல அடிச்சுப் பேசிட்டேன். அதக் கேட்டிருந்தா மனுசன் எம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாரு!"