உட்கார்ந்து பேசிய வாடகை

இந்த முறை வாடகையில் ஒரு ரூபாய்கூட இறங்குவதில்லை என்று லாரியைவிட்டு இறங்கும்போதே இருசப்பன் பல்லைக் கடித்துக்கொண்டான். வாடகையில் இறங்கினால் லாரி போய்விடும். ஃபைனான்ஸ்காரன் இருசப்பனின் வீட்டு வாசலுக்கே வந்து, பெண்டாட்டி பொன்னியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்: "இந்த மாசமும் ட்யூ கட்டலைன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிடுவோம்க்கா. அப்புறம் அழக்கூடாது." அழக்கூடாதாம்! கழுத்துத் தாலியைத் தவிர அவளுடையதெல்லாம் அந்த லாரிக்குள்தான் போயிருந்தது.

மரக்காணத்தில் உப்பு ஏற்றும் ஒற்றை வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. டீக்கடையில் பேசும்போது சூரப்புலிகள். ஏஜெண்ட் "அப்ப சரிப்பா, வேற வண்டி பாத்துக்குறேன்" என்று போனைக் கையில் எடுத்ததும் "சரி, குடுங்க" என்று வழிவார்கள். டீசல் ஏறும், டோல் ஏறும், டயர் விலை ஏறும். வாடகை மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும். இருசப்பனும் 'சரி, குடுங்க' சொல்லிச் சொல்லியே இந்தக் கதிக்கு வந்தவன்தான்.

ஆனால் அன்று காலை வானம் அவன் பக்கம் இருந்தது. கடலுக்கு மேலே மேகம் கருத்துத் திரண்டு நின்றது. ஒரு கோடை மழை அடித்தால் போதும், வரப்பில் குவித்து வைத்த உப்பெல்லாம் கரைந்து மண்ணோடு போய்விடும். உப்பு ஏஜெண்ட் சக்கரபாணிக்கு உடனே வண்டி வேண்டும். மற்றவர்கள் சவுக்கு லோடுக்குப் போய்விட்டதால், உப்பளத்து வாசலில் இருசப்பனின் வண்டி ஒன்றுதான் நின்றது. இன்றைக்கு விட்டால் என்றைக்கு?

சக்கரபாணியின் ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி உண்டு. அது உப்பள முதலாளிகளுக்கும் ஆபீசர்களுக்கும். வண்டிக்காரர்கள் வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசுவார்கள். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் யாரும் உட்கார்ந்ததில்லை, யாரும் உட்காரச் சொன்னதுமில்லை.

"ராணிப்பேட்டை பக்கம் தோல் கம்பெனிக்கு ஒரு லோடு. பழைய வாடகைதான்" என்றார் சக்கரபாணி.

"பழைய வாடகைக்கு வேற வண்டி பாத்துக்குங்க சார். டன்னுக்கு இருநூறு சேத்துக் குடுத்தா ஏத்துறேன்."

சொல்லிவிட்டான். குரல் கொஞ்சம் உடைந்தது, ஆனாலும் சொல்லிவிட்டான். சக்கரபாணி போனை எடுக்கவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள வாப்பா. இப்பிடி உக்காரு. வாடகைய நின்னுக்கிட்டேவா பேசுறது?"

இருசப்பன் திரும்பிப் பின்னால் பார்த்தான். அவனைத்தான் சொல்கிறார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். டீ வந்தது. சக்கரபாணி வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏம்பா மேஸ்திரி, சாவிய வாங்கிக்கினு போய் வண்டிய உள்ள விடு. ஓனர் இங்க பேசிக்கிட்டு இருக்காரு." ஓனர்! ஆர்.சி. புத்தகத்தில் அவன் பேர் ஏறி இத்தனை காலமாகியும், அந்த வார்த்தையை வாயால் சொன்ன முதல் ஆள் சக்கரபாணிதான்.

உப்பு வண்டிக்காரன் எவனாக இருந்தாலும் லோடு ஏறுமுன் ஒரு காரியம் செய்வான். குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு, ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்ப்பான். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் நேற்று வாரிய பச்சை உப்பு. வழியெல்லாம் ஒழுகும். ஏற்றின எடை இறக்கும்போது இருக்காது. குறைந்த உப்புக்கான பணத்தை வாடகையில்தான் பிடிப்பார்கள். இருசப்பன் ஒரு லோடுக்குக்கூட கை போட்டுப் பார்க்காமல் இருந்ததில்லை.

வெளியே லோடு ஏற்ற உப்புக்கூடை சுமந்துகொண்டிருந்த ஆண்டாள் வாசலுக்கு நேராக வந்து நின்று கூப்பிட்டாள். "ண்ணா! வந்து ஒரு கை பாத்துட்டுப் போயேன்!"

"வாய மூடிக்கினு கொட்டு" என்று மேஸ்திரி அதட்டினான்.

இருசப்பன் கையில் டீ இருந்தது. எதிரே சக்கரபாணி 'நூறு சேத்துக்கலாம்' என்பதிலிருந்து நூற்றைம்பதுக்கு வந்துகொண்டிருந்தார். இந்த நேரத்தில் எழுந்து ஓடி உப்பில் கைவிட்டால் நன்றாகவா இருக்கும்? எழுந்தால் திரும்ப வந்து இதில் உட்கார முடியுமா?

"நீ ஏத்தும்மா, பாத்துக்கலாம்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினான்.

கடைசியில் இருநூறுக்கே முடிந்தது. வண்டியில் ஏறியதும் பொன்னிக்குப் போன் போட்டான். "இருநூறு சேத்து வாங்கிட்டேன்டி! உக்கார வெச்சுப் பேசுனாரு!" அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ட்யூ கட்டிடலாமாய்யா?" என்றாள். "கட்டிட்டு மிச்சமும் இருக்கும்" என்றான்.

திண்டிவனம் தாண்டி வந்தவாசி ரோட்டில் பைக்கில் வந்த ஒருவன் பக்கத்தில் வந்து கத்தினான். "அண்ணே, பின்னாடி தண்ணி ஊத்துது பாருங்க!"

இருசப்பன் ஓரங்கட்டி இறங்கினான். பலகை இடுக்கெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. வந்த வழியில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ரோடு ஈரம். தார்ப்பாயைத் தூக்கி ஒரு பிடி அள்ளி அழுத்தினான். முழங்கைவரை தண்ணீர் ஓடியது. "அடப்பாவி" என்றான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

திரும்பிப் போனாலும் சீட்டில் எழுதின எடை எழுதினதுதான். கோணியைக் கிழித்து இடுக்குகளில் அடைத்தான். அடைத்த இடத்தை விட்டுப் பக்கத்து இடுக்கில் வழிந்தது. வேகமாகப் போனால் சீக்கிரம் சேரலாம், ஆனால் குலுங்கிக் குலுங்கிக் கூடுதலாக வடியும். மெதுவாகப் போனால் நேரமெல்லாம் வடியும். கொஞ்ச தூரம் விரட்டினான், கொஞ்ச தூரம் உருட்டினான். ஆரணி வருவதற்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்திருந்தான். பட்டப்பகலில், முப்பது வருஷம் வெயிலில் காய்ந்த ஆம்பளை, சின்னப் பிள்ளைபோல அழுதான்.

தோல் கம்பெனி எடைமேடையில் இருந்தவன் எண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஒன்றரை டன் கொறையுதே. வழியில வித்துட்டியா?"

"பச்ச உப்பு சார். தண்ணியா போயிடுச்சு."

"தண்ணிக்கு நாங்க பொறுப்பா?"

குறைந்த உப்பும், ஓடின டீசலும், டோலும் சேர்த்துக் கழித்தபோது இருநூறு சேர்த்து வாங்கியது மட்டுமில்லை, பழைய வாடகையும் காணாமல் போயிருந்தது. பழைய வாடகைக்கே நல்ல உப்பு ஏற்றியிருந்தால் பாதி ட்யூவாவது கட்டியிருக்கலாம்.

மறுநாள் மரக்காணத்தில் மேகம் அப்படியே நின்றது. இருசப்பன் தகரக் கொட்டகைக்குள் நுழையும்போது அந்த நாற்காலியில் சகாயராஜ் உட்கார்ந்திருந்தான். அவனும் ஒற்றை வண்டிக்காரன்தான். கையில் டீ. முகமெல்லாம் பல். வெளியே அவன் லாரியில் நேற்றைய அதே குவியலிலிருந்து உப்பு கூடை கூடையாக ஏறிக்கொண்டிருந்தது.

சக்கரபாணி எழுந்து வந்து இருசப்பனின் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப்போனார்.

"தெரிஞ்சேதான் ஏத்துனீங்க சார்."

"உப்ப பாக்க வேணாம்னு உங்கிட்ட நான் சொன்னேனா? நீதானப்பா ஓனர். கூப்புட்டாளே அந்தப் பொண்ணு, எழுந்து போனியா?"

எழுந்து போகவில்லைதான். அதுதான் கொடுமை.

"போனது போவட்டும்" என்று சக்கரபாணி குரலைத் தாழ்த்தினார். "ட்யூ கட்டற வரைக்கும் உனக்குக் காஞ்ச குவியல்லதான் லோடு. பழைய வாடகை. வாய மட்டும் தொறக்காத."

இருசப்பன் தலையை ஆட்டினான். "சரி, குடுங்க" என்று அவன் வாய் தானாகச் சொல்லிற்று.

அப்போது ஆண்டாள் கூடையோடு வாசலுக்கு நேராக வந்து நின்றாள். "ண்ணா! வந்து ஒரு கை பாத்துட்டுப் போயேன்!"

சகாயராஜ் நாற்காலியில் பாதி எழுந்தான். வாசலில் நின்ற இருசப்பனைப் பார்த்தான். "இன்னாப்பா இருசப்பா, நீயும் நேத்து ஏத்துன இல்ல? உப்பு நல்லாதான இருக்குது?"

"நல்லாதான் இருக்குது" என்றான் இருசப்பன். "நீ உக்காந்து டீயக் குடி."

சகாயராஜ் உட்கார்ந்தான். கூடையைத் தலையில் வைத்தபடி ஆண்டாள் இருசப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய் உப்பைக் கொட்டினாள். அதற்கப்புறம் அவள் எந்த வண்டிக்காரனையும் கூப்பிடவில்லை.