என்னம்மா சாப்பிட்டீங்க?

…நண்டு வேண்டாம், நண்டு சாப்பிட்டதாக மூன்று நாளாகச் சொல்லியாயிற்று, நேற்றே மகள் கண்டுபிடித்துவிட்டாள், ஒன்பது வயதுதான், ஆனால் படுத்தே கிடக்கிற பிள்ளையை ஏமாற்ற முடியுமா, "பொய் சொல்றீங்கம்மா, நீங்க ஒண்ணுமே சாப்டல, எப்பப் பார்த்தாலும் அதே நண்டு" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், அதனால்தான் தனலெட்சுமி இன்றைக்கு, பிரிக்பீல்ட்ஸில் தங்கை வீட்டில் குளித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு மினிபஸ் ஏறாமல் இந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், உண்மையாகவே சாப்பிட வேண்டும், ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு போய் சுபாஷினியிடம் சொல்ல வேண்டும், வேறென்ன கொடுக்க முடிகிறது மகளுக்கு, வாய் வழியாக எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லி வாரக்கணக்காகிறது…

எல்லாம் நன்றாகத்தானே ஆரம்பித்தது, மகன் குமரேசனின் எலும்பு மஜ்ஜை அக்கா சுபாஷினிக்குப் பொருந்துகிறது என்றதும் கிள்ளானில் கன்னையா லோரியை ஓரங்கட்டிவிட்டு அழுதாராம், புருஷன் அழுது அவள் பார்த்ததில்லை, மஜ்ஜையை ஏற்றினார்கள், ரத்தப் புற்று போய்விட்டது என்றார்கள், பிறகு உள்ளங்கையில் சிவப்பு, பிறகு பச்சைப் பச்சையாக வயிற்றுப்போக்கு, பிறகு கண்ணில் மஞ்சள்… "தம்பியோட மஜ்ஜை இவ உடம்ப வெளியாள்னு நெனைச்சு அடிக்குதும்மா, தோலு, கொடலு, இப்ப கல்லீரலும்" என்றார் டாக்டர் சிவசம்பு, எப்படி நினைக்கும், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள்… அதை அடக்கக் கொடுக்கிற மருந்து பசியைக் கிளப்புமாம், குடலுக்கோ ஓய்வு வேண்டுமாம், நெஞ்சில் செருகிய குழாயில் பால் மாதிரி ஏதோ இறங்குகிறது, அதில் பசி ஆறுமா? அம்மாவும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று முதலில் சொன்னபோது ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தாள், பிள்ளை தேம்பியது, "நீங்களும் சாப்டலன்னா நான் எதம்மா நெனைச்சுக்கறது?"

சோறு வந்தது, புடலங்காய்க் கூட்டு, அதை முதலில் சொல்லலாம், நெத்திலி சம்பால், மொறுமொறுப்பாக, வெங்காயம் கொஞ்சம் இனிப்பு, அப்பளத்தை உடைக்கிற சத்தத்தைக்கூட வாயால் செய்து காட்டலாம், மீன் குழம்பில் மாங்காய் போட்டிருக்கிறார்கள், புளிப்பு நாக்கின் ஓரத்தில் சுரீரென்று ஏறியது, எத்தனை நாள் ஆயிற்று, ரொட்டியும் கலக்கிக் குடித்த மைலோவும்தானே, கை தானாகப் பிசைந்தது, தானாக வாய்க்குப் போனது…

"சோறு போடவாக்கா?"

"போடுங்க தம்பி, கொழம்பு நெறைய ஊத்துங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது, இவ்வளவு நேரம் சுபாஷினி நினைப்பிலிருந்து எங்கே போயிருந்தாள்? இரண்டாவது சோறு இலையில் ஆவி பறந்தது, வேண்டாம் என்று எழுந்திருக்கலாம், எழுந்திருக்கவில்லை, முழுதும் சாப்பிட்டாள், ருசித்துச் சாப்பிட்டாள், இதை மட்டும் மகளிடம் சொல்லக் கூடாது…

வார்டு வாசலில் கவுனும் முகமூடியும் எடுத்துக் கொடுத்த நர்ஸ் இராசேஸ்வரி மிஸி சிரித்தாள், "இன்னிக்கு ஒங்க மக ரொம்ப நல்ல பொண்ணுக்கா, ஒரு தடவகூட சாப்பாடு கேட்டு அழல லா", தனலெட்சுமியும் சிரித்தாள், கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போனாள், குழந்தை கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது, வயிறு காலையில் இருந்ததைவிட உப்பலாக, அல்லது போர்வை அப்படிக் காட்டுகிறதா… "சுபா, அம்மா இன்னிக்கு நெசமாவே சாப்ட்டேன்டா, நெத்திலி சம்பால், அப்பறம் மாங்கா போட்ட மீன் கொழம்பு…"

"வேணாம்மா."

"ஏன்டா, கோவமா?"

"இல்ல. பசிக்கல." கண்ணை முழுதும் திறக்காமலே, "ஒங்க மேல மீன் வாடை அடிக்குது, தள்ளி ஒக்காருங்க."

நாற்காலியைச் சன்னல் ஓரமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், மாங்காயைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது, இந்தப் பசியை என் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள் தாயே என்று வெளித் தாழ்வாரத்தில் நின்று தினமும் கேட்டது அவள்தான், எடுத்துக்கொண்டாயிற்று, பசிக்கல என்று சொன்ன குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை, ஆசை இல்லை, டாக்டரைக் கூப்பிட வேண்டுமா, இது நல்லதுதானா, யாரைக் கேட்பது, பசி என்று அழுதபோதெல்லாம் பிள்ளை இங்கேதான் இருந்தாள் இல்லையா…