நான்கு வினாடிச் சுடர்

ஏழாவது முறையும் அது பற்றிக்கொண்டது. வீட்டின் நிலவறையில், சலவை இயந்திரத்துக்கும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கும் நடுவே, இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு மண்டியிட்டிருந்த லரிசா, பார்வைத் துளையில் கண்ணை ஒட்டிவைத்திருந்தாள். முதலில் சின்ன விசிறி உறுமியது. பற்றவைக்கும் இக்னைட்டர் மெல்லச் சிவந்து ஆரஞ்சானது. வாயு வால்வு 'டக்' என்றது. நீல நாக்குகள் இடமிருந்து வலமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு எழுந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. மறுபடியும் 'டக்'. இருட்டு.

"போச்சா?" படிக்கட்டின் உச்சியிலிருந்து ஐனார் கேட்டான்.

"போச்சு."

"எத்தனை வினாடி?"

"நாலு."

"போன தடவையும் நாலுதானே? அப்ப மோசமாகல."

கணவனிடம் அவள் ரசித்த குணங்களில் இது ஒன்று. சில நாட்களில் இது ஒன்றுதான்.

பனிப்புயல் விடியற்காலையில் ஓய்ந்திருந்தது. போகும்போது ஏரிக்கரையிலிருந்த கிம்லி ஊரின் மின்சாரத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது; காலையிலிருந்து ஃபர்னஸுக்கு ஜெனரேட்டர்தான். வெளியே மைனஸ் முப்பத்து நான்கு. சமையலறைச் சுவரின் வெப்பமானியில் பதினொன்று. காலை எட்டு மணிக்குப் பதினாறாக இருந்தது. இந்தக் கணக்கை லரிசா மனதில் போட்டுப் பார்த்து, விடை பிடிக்காமல் அழித்துவிட்டாள். குழாயில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். ஆனால் அவளுக்குக் குழாயை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதன் பெயர் பியார்னி. அவள் மாமனார்.

போன செப்டம்பரில் இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது, பியார்னி சுவர்களை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மகனிடம் கை நீட்டினார். "முதல் குளிர்காலத்துல இந்த வீடு ஒரு தடவை உறைஞ்சாலும் சரி, வித்துட்டு என் வீட்டு மாடிக்கு வந்துடணும்." ஐனார் கையைக் குலுக்கினான். அந்தக் குடும்பத்தில் கை குலுக்கினால் பத்திரப் பதிவு ஆனதுபோல. பக்கத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த லரிசாவின் கையை யாரும் கேட்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி, ஐந்து வருடம் சேர்த்து, முன்பணத்தில் பாதியைக் கொடுத்த கை அது. பியார்னி வீட்டு மாடியோ, இரவு ஒன்பதுக்கு விளக்கணைத்து, யார் எத்தனை நிமிடம் குளித்தார்கள் என்று காலையில் அறிவிக்கிற மாடி.

போன் அடித்தது.

"கம்பியத் தொடைச்சியா?" வணக்கம் சொல்லி நேரத்தை வீணாக்குகிறவர் இல்லை பியார்னி. முப்பத்தொரு வருடம் அந்த வட்டாரத்து ஃபர்னஸ்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ரெண்டு தடவை தொடைச்சாச்சு மாமா."

"எதால?"

"மெல்லிசான இரும்பு நாரால. உப்புத்தாள் போடல."

"உப்புத்தாள் போட்டா கோடு விழும்."

"அதான் போடலன்னு சொல்றேன்."

"மூணாவது தடவை தொடை. பத்த வைக்குது, அணைக்குதுன்னா அது கம்பிதான். எப்பவும் கம்பிதான். முப்பத்தொரு வருஷமா கம்பிதான்." பின்னால் ஏதோ இயந்திரம் உறுமியது. "ரோட்டுல இன்னும் பனி தள்ளல. நான் உறைஞ்ச ஏரி மேலயே பனிவண்டியில வரேன். ஒரு மணி நேரம்." கொஞ்சம் நிறுத்தி, "மாடி ரூமைப் பெருக்கி வச்சிட்டுதான் கிளம்பறேன்," என்றார்.

லரிசா கம்பியை மூன்றாவது முறையாகக் கழற்றினாள். விரல் நீளமே இருக்கும். சுடருக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதுதான் அதன் வேலை. நெருப்பு இருந்தால் அதன் வழியே கண்ணுக்குத் தெரியாத அளவு மின்சாரம் கசியும். அதைப் பார்த்துத்தான் ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகை, 'சரி, எரிகிறது' என்று நம்பும். கசியாவிட்டால், எரியாத வாயு வீட்டை நிரப்புகிறது என்று பயந்து வால்வை மூடும். மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் சமாதானமாகும். இப்போது அந்த வீட்டிலேயே மிகச் சுத்தமான பொருள் இந்தக் கம்பிதான், அவர்களுடைய கல்யாண மோதிரங்களையும் சேர்த்து. மாட்டினாள். நான்கு வினாடி. 'டக்'.

எரிகிற நெருப்பைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இல்லை என்று சாதிக்கிற இயந்திரத்தை என்ன செய்வது? அவளுக்கு அதை உதைக்கத் தோன்றியது. பிறகு, வண்டிக்காரியின் மூளை விழித்துக்கொண்டது. நேற்று ஓடிய பேருந்து இன்று ஓடவில்லை என்றால் பேருந்தைத் திட்டக்கூடாது. நேற்றுக்கும் இன்றுக்கும் நடுவே எது மாறியது என்று கேட்க வேண்டும்.

"ஐனார்! நேத்து ராத்திரி ஓடுச்சுல்ல?"

"பிரமாதமா ஓடுச்சே."

"இன்னைக்கு எது மாறுச்சு?"

"நீதான் மாறிட்டே. காலையிலேருந்து கத்திக்கிட்டே இருக்கே."

"டேய், கரண்ட்டுடா! கரண்ட்டுதான் மாறியிருக்கு!"

சுவர் பிளக்கிலிருந்து பிடுங்கிய ஃபர்னஸ் வயர், நீளக் கேபிள் ஒன்றோடு சேர்ந்து, ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே போய், வீட்டிலிருந்து இருபது அடி தள்ளிப் பனியில் நின்று இரைகிற ஜெனரேட்டரில் முடிந்தது. அது பியார்னி கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதைச் சந்தேகிப்பது அந்தக் குடும்பத்தில் அவரையே சந்தேகிப்பதற்குச் சமம். லரிசா மேலே ஏறி வந்ததும் ஐனார் குரலைத் தாழ்த்தினான். அப்பா அப்போது ஏரிக்கு நடுவே இருந்தார்.

"அது நல்லாத்தானே ஓடுது? விசிறி சுத்துது, இக்னைட்டர் சிவக்குது..."

அப்போதுதான் பக்கத்து வீட்டு தெல்மா, கேட்காமலே கதவைத் திறந்துகொண்டு, போனும் சார்ஜரும் கையுமாக வந்தாள். வெயில் காலம் முழுக்க இழுவை வீட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவள். கேபிளில் சார்ஜரைச் செருகிக்கொண்டே கதையைக் கேட்டாள்.

"இதே மாதிரி ஜெனரேட்டர்தான் என்கிட்டயும். இழுவை வீட்டுல மாட்டினா, அதுல இருக்கற காவல் பெட்டி 'எர்த் இல்ல, எர்த் இல்ல'ன்னு சிவப்பு விளக்கைப் போட்டு ஒப்பாரி வைக்கும். எலக்ட்ரீஷியன் ஒரு மொட்டை பிளக் செஞ்சு குடுத்தான். அதைச் சொருகினா வாயை மூடிக்கும்."

"மொட்டை பிளக்கா?"

"வயரே இல்லாத பிளக்கு. உள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால சேர்த்திருப்பான். வீட்டு கரண்ட்டுல அது ரெண்டும் ஏற்கெனவே ஒண்ணா சேர்ந்திருக்குமாம். இந்தச் சின்ன ஜெனரேட்டருல சேராதாம்."

லரிசா படிகளில் தடதடவென்று இறங்கி, ஃபர்னஸ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த வரைபடத்தில் விரலை ஓட்டினாள். கம்பி. கம்பியிலிருந்து சுடர். சுடரிலிருந்து பர்னர், தகடு, எர்த். எர்த்திலிருந்து நியூட்ரல் வழியாகத் திரும்பவும் பலகை. வீட்டுக்குப் போகிற கடைசித் தெருவில் பாலம் இல்லை. பாவம், கம்பி காலையிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சேதி போய்ச் சேரவில்லை.

"அக்கா! அந்தப் பிளக் எங்க?"

"இழுவை வீட்டுல."

"இழுவை வீடு எங்க?"

தெல்மா ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். அங்கே ஒரு வெள்ளை மேடு இருந்தது.

மூன்று பேரும் இரண்டு மண்வெட்டியும் ஒரு கேக் தட்டுமாகப் பாய்ந்தார்கள். கேக் தட்டு ஐனாருக்கு. கண்ணிமையில் பனி ஒட்டியது. தூரத்தில், ஏரிப் பக்கம், கொசு ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம்.

"அப்பா," என்றான் ஐனார்.

"தோண்டு!" என்றாள் லரிசா.

கதவு ஒரு முழம் திறந்தது. தெல்மா பாதி உடம்பை உள்ளே விட்டு, கரண்டி டிராயரையும் அதற்குக் கீழ் டிராயரையும் திட்டிக்கொண்டே கவிழ்த்து, கடைசியில் ஒரு மஞ்சள் பிளக்கோடு வெளியே வந்தாள். அதைப் பிடுங்கிக்கொண்டு லரிசா ஓடினாள். இடுப்பளவு பனியில் ஓடுவது என்பது நின்ற இடத்தில் மூச்சு வாங்குவதுதான். ஜெனரேட்டரின் காலியான இரண்டாவது துளையில் குத்திவிட்டு, ஃபர்னஸ் வயரைப் பிடுங்கிச் செருகிவிட்டு, நிலவறைக்குப் பாய்ந்து பார்வைத் துளையில் கண்ணை வைத்தாள். சமையலறையில் ஐந்து டிகிரி.

விசிறி. சிவப்பு. 'டக்'. நீலம்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." படிக்கட்டில் ஐனாரும் தெல்மாவும் சேர்ந்து எண்ணினார்கள். "அஞ்சு! ஆறு!" பத்தில் தெல்மா கைதட்டினாள். முப்பதில் பெரிய விசிறி எழுந்து, வீட்டின் காற்றுக் குழல்களெல்லாம் நெட்டி முறித்தன. லரிசா போர்வையோடு குதித்ததில் தலை குழலில் இடித்தது. அதற்கும் சிரித்தாள்.

பனிவண்டி வாசலில் நின்றது.

பியார்னி மீசையில் பனிக்கட்டியோடு நுழைந்தார். யாரையும் பார்க்காமல் நேரே சமையலறைக் குழாயைத் திறந்தார். குழாய் இருமியது. பிறகு தண்ணீர் வந்தது. அதன்கீழ் விரலை வைத்து, தேவைக்கு அதிக நேரம் நின்றார்.

"கம்பிதானே?"

"கம்பி இல்ல மாமா. ஜெனரேட்டர்ல எர்த்தும் நியூட்ரலும் சேரல."

"நான் வாங்கின ஜெனரேட்டர்லயா?"

ஐனார் கேக் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பியார்னி வெளியே போனார். ஜன்னல் வழியாக மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து, கையுறையைக் கழற்றி, மஞ்சள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

காலுக்குக் கீழே 'டக்' என்றது.

"மாமா!" லரிசா ஜன்னலைத் தட்டினாள். அவர் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு மறுபடியும் செருகினார். உள்ளே வந்து, நிலவறைக்கு இறங்கி, கவிழ்த்த சலவைக் கூடைமேல் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். சுடர் தெரியும்படி ஃபர்னஸின் மேல் கதவை உட்காரும்போதே திறந்துவிட்டிருந்தார். லரிசா ஃபர்னஸ் பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள்.

"எண்ணு," என்றார்.

விசிறி உறுமியது. இக்னைட்டர் சிவந்தது. அவள் எண்ணத் தொடங்கினாள், முதலில் சத்தமாக, பத்துக்குப் பிறகு மெதுவாக. இருபதில் அவருடைய உதடுகளும் அசைவதைப் பார்த்தாள். அவர் மடியிலிருந்த ஹெல்மெட்டின் கருங்கண்ணாடியில், வளைந்து, சின்னதாக, நீலச் சுடர்களின் வரிசை ஒன்று அசையாமல் நின்றது.