விபத்தில்லாத் தோட்டம்

முனியாண்டியின் காலில் எண்ணெய்ச் செம்பனைக் குலை விழுந்து எலும்பு முறிந்த மறுநாள் காலையிலேயே, அவனை வேலைக்குக் கூட்டிப்போக வாசலில் லாரி வந்து நின்றது.

"மாவுக்கட்டு இன்னும் காயலயே தம்பி. கால கீழ தொங்கவிடக் கூடாதுன்னாரு டாக்டரு," என்று மறித்தாள் அவன் மனைவி பஞ்சாலை.

"வேலை செய்ய வேணாம்லா அக்கா. ஆபீஸ்ல நாற்காலியில உக்காந்தா போதும்," என்றான் தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தங்கராஜு.

விஷயம் இதுதான். அடிபட்டவன் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டால் மேலிடத்துக் கணக்கில் அது விபத்தே இல்லை. லிங்கிப் பக்கத்தில் இந்தத் தோட்டத்தில்தான் இந்த ஆண்டு விபத்து பூஜ்யம். கேட்பவர்கள், இங்கே குலைகள் மரத்திலிருந்து படியிறங்கி வருகின்றன என்றே நினைப்பார்கள். ஆண்டுக் கடைசிவரை பூஜ்யம் நின்றால் மானேஜருக்குப் பதவி உயர்வு, தொழிலாளர் லயத்து வீடுகளுக்கெல்லாம் போனஸ்.

"ஒரு ஆளால எல்லார் வாயிலயும் மண்ணு விழணுமா?" என்று பக்கத்து வீட்டு வள்ளியம்மா வேலியோரம் நின்று கேட்டாள்.

பஞ்சாலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் முனியாண்டியே எழ முயன்றான். "விடு பஞ்சாலை. ஊரோட ஒத்துப் போவோம். நம்மால கெட்ட பேரு வேணாம்."

தினமும் அப்படித்தான் தூக்கிப் போனார்கள். நாற்காலியில் தொங்கிய கால் வீங்கியது. கட்டுக்குள் புண் சீழ்பிடித்து நாறியது. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

இனி அவனால் குலை வெட்ட முடியாது. வேலையில் அடிபட்டது என்று தோட்டம் எழுதிக் கொடுத்தால்தான் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவில் பென்ஷனுக்கு வழி. பஞ்சாலை ஆபீசில் போய் நின்றாள்.

"கால எடுத்தது சக்கரையாலம்மா. அது நோய், விபத்து இல்ல," என்றார் மானேஜர்.

சக்கரை இருந்தது உண்மைதான். லயத்தில் யாருக்கு இல்லை?

"குலை விழுந்துச்சே சார்!"

"விழுந்து கால் ஒடிஞ்சவரு மறுநாளே வேலைக்கு வருவாரா? ஒரு நாள்கூட லீவு போடலயே அவரு."

அவள் சன்னலோரம் நின்ற தங்கராஜுவைப் பார்த்தாள். "நீதானே தூக்கிட்டு வந்த? சொல்லு தம்பி!"

"என்னைய இதுல இழுக்காதீங்கலா அக்கா," என்றான் அவன், சன்னலைப் பார்த்தபடி.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். இவர்கள் நன்றாக இருக்க மாட்டார்கள் என்று வயிறெரிந்தபடி பஞ்சாலை சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். அதைவிட அதிகக் கோபம் புருஷன்மேல்தான் இருந்தது. நல்ல பேர் வாங்கப் போன மனுஷன்! இன்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றே வார்டுக்குள் நுழைந்தாள்.

அவளைக் கண்டதும் முனியாண்டி தலையணையில் கையூன்றி நிமிர்ந்தான்.

"எழுதிக் குடுத்துட்டாங்களா? குடுக்காம எங்க போவாங்க! அந்த வலியிலயும் ஒரு நாள்கூட லீவு போடலயே நானு. அதுக்காச்சும் பாக்க மாட்டாங்களா?"

கேட்க வந்ததை விட்டுவிட்டு, பஞ்சாலை அவன் முதுகுக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்தாள்.