கொள்ளுத்தாத்தாவின் கடிவாளம்

சிறைக் கைதிகள் குதிரைமயிரில் பின்னிய பழைய கடிவாளங்கள் வெண்டலின் வீட்டுச் சுவர் முழுக்கத் தொங்கின. மொன்டானாவில் எந்தப் பண்ணையில் ஏலம் நடந்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பான். நடுவில் இருந்த சிவப்பும் கறுப்புமான கடிவாளத்தைத் தேடியே பாதி ஆயுளைத் தொலைத்திருந்தான். ஆளைக் கொன்றுவிட்டு உள்ளே போன அவன் கொள்ளுத்தாத்தா பின்னியது அது.

அண்ணன் ராய்ஸ் அதைக் கேட்டுத்தான் வந்தான். கேட்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. வந்ததும் ஆணியோடு பிடுங்கினான்.

"இன்னிக்கு ரோடியோ குதிரைத் திருவிழா ஊர்வலம். என் முரட்டுக் குதிரைக்கு இதை மாட்டப் போறேன். கிழவன் குதிரைக்குத்தான்டா பின்னினான், உன் சுவருக்கு இல்ல."

"வேணாம்ண்ணா. மேல மயிர்தான் மின்னுது. உள்ள இருக்கிற நூல்கயிறு மக்கிப்போச்சு. இழுத்தா அறுந்துடும்."

"குடுக்காம இருக்க நீ என்ன வேணா சொல்லுவ."

வெண்டல் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான். ராய்ஸ் முழங்கையால் வாயில் இடித்தான், பல் தெறித்தது. விழுந்தவனை பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். வெண்டல் தட்டுத்தடுமாறி எழுந்து, கணப்படுப்புக் கம்பியை எடுத்து அண்ணன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான். ராய்ஸ் அதே கம்பியைப் பிடுங்கித் தம்பியின் இடது கையை உடைத்தான்.

கடிவாளம் சேர்க்கிறவர்கள் யாரும் இவற்றைக் குதிரைக்கு மாட்டுவதில்லை. ராய்ஸ் குதிரைக்காரன், கைக்கு உறுதியாகப் பட்டதை நம்பினான்.

அதை மாட்டி ஏறி உட்கார்ந்ததுமே, முற்றத்திலேயே குதிரை மிரண்டு பாய்ந்தது. ராய்ஸ் பலம்கொண்ட மட்டும் லகானை இழுத்தான். அது பட்டென்று அறுந்தது. குதிரை தலைதெறிக்க ஓடி முள்கம்பி வேலியில் மோதியது. கீழே விழுந்து, சேணத்தின் அங்கவடியில் கால் மாட்டிக்கொண்ட ராய்ஸைக் கம்பியோடு சேர்த்து இழுத்துப்போய், அவனையும் கடிவாளத்தையும் உதறிவிட்டு ஓடியது.

வெண்டல் ஓடினான். வழியில் சேற்றில் கிடந்த கடிவாளத்தைக் குனிந்து எடுத்து, அதிலிருந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்த பிறகே அண்ணனிடம் போனான். தொடை கிழிந்து ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது.

"சொன்னேனே, கேட்டியா?" என்று அழுதான் வெண்டல்.

"கயிறு அறுந்துடும்னுதான் சொன்ன," என்றான் ராய்ஸ். "நான் செத்துடுவேன்னு சொல்லல."

வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது. காயத்தை அழுத்திப் பிடிக்க உடையாத கை ஒன்றுதான் மிச்சம். அதில் கடிவாளம் இருந்தது. கீழே போட அவனுக்கு ஒரு நொடி பிடித்தது. அந்த நொடி முழுவதும் ராய்ஸ் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.