கீறல் விழாத தட்டு

பழைய சாமான் தெருவில் அவளைக் காந்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பாள். யார் எதை வெள்ளி என்று நீட்டினாலும் முதலில் காந்தம், அப்புறம் நகத்தால் ஒரு சுண்டு, அப்புறம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விளிம்பை ஒரு பார்வை. முப்பது வருடம் முலாம் பட்டறையில் வேலை பார்த்தவள். எந்த உலோகம் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாலும் அவளிடம் பாச்சா பலிக்காது.

அந்தச் சனிக்கிழமை நாத்தனாரும் கூட வந்திருந்தாள். காந்தக்காவின் கணவன் பதினோரு வருடத்துக்கு முன் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவன். வேலைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவன் மனைவியும் தங்கையும் ஒரே வீட்டில், ஒருத்தியை ஒருத்தி குறை சொல்லிக்கொண்டே, ஒருத்தியை ஒருத்தி விட்டு இருக்கவும் முடியாமல் காலம் தள்ளினார்கள்.

"அக்கா, ஆறு தட்டு. நல்ல வெள்ளி முலாம்," என்றார் கடைக்காரர்.

"முலாம்னா தேஞ்ச இடத்துல செம்போ பித்தளையோ எட்டிப் பாக்கணுமே. இங்க விளிம்பு பூரா தேஞ்சிருக்கு, உள்ளயும் அதே சாம்பல் நிறம்தான்." நகத்தால் சுண்டினாள். தொப்பென்று ஒரு சத்தம் வந்து அங்கேயே அடங்கியது. "வெள்ளின்னா மணி மாதிரி சத்தம் நீண்டு கேக்கும். முலாம்கூடக் கொஞ்சம் பாடும். இது பியூட்டர். முக்கால்வாசி வெள்ளீயம். அடுப்புல வெச்சு மறந்தீங்கன்னா உருகி ஓடிடும்."

"உங்ககிட்ட நான் எந்தக் காலத்துல ஜெயிச்சேன்?" கடைக்காரர் சிரித்துவிட்டு விலையைப் பாதியாக்கினார்.

பியூட்டர் மெத்தென்ற உலோகம். கத்தியின் ஒவ்வொரு இழுப்பும் அதில் தங்கிவிடும். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஒரு சின்னப் பூ செதுக்கியிருந்தது. பூவை மேலே வைத்துப் பார்த்தால் கீறல்களெல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. வலக்கையில் கத்தி பிடித்த ஐந்து பேர் பல வருடம் சாப்பிட்ட தட்டுகள். ஆறாவது தட்டில் மட்டும் ஒரு கீறலும் இல்லை. மற்றவை போலவே மங்கிப் பழசாகியிருந்தது. ஆனால் நடுப்பகுதி குளத்துத் தண்ணீர் மாதிரி வழுவழுவென்று கிடந்தது.

"இதுல யாருமே சாப்பிடலையா?"

"ஒரு தையக்கார அம்மா கொண்டுவந்து போட்டாங்க. அவங்கம்மா செத்து வீட்டைக் காலி பண்றாங்களாம். ஆறையும் சேத்து எடுத்துக்கோங்க, பிரிச்சுக் குடுக்காதீங்கன்னாங்க," என்றார் கடைக்காரர்.

மறுநாள் மதியம் தட்டுகளைத் துடைத்து அடுக்கும்போது காந்தக்காவின் கை நின்றது. ஆறாவது தட்டின் நடுவே மூன்று கீறல்கள்.

"ஏண்டி, இதுல கத்தி வெச்சியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா அண்ணி?"

பூவை மேலே திருப்பிப் பார்த்தாள். கீறல்கள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. இருவரும் வலக்கைக்காரர்கள். அந்த வீட்டில் இடக்கையால் கத்தி பிடித்தவன் ஒருவன்தான் இருந்தான்.

நாத்தனாரும் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறி, பிறகு சிவந்தது. "அண்ணன்," என்றாள், மெதுவாக.

"சும்மா இரு." காந்தக்கா தட்டைத் துணியில் சுற்றி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். திங்கட்கிழமை மாலை திறந்தபோது சுற்றிய முடிச்சு அப்படியே இருந்தது. கீறல்கள் ஏழாகியிருந்தன.

அன்றிலிருந்து நாத்தனார் ஆளே மாறிப்போனாள். வீட்டைப் பெருக்கினாள், துடைத்தாள், மறுபடி பெருக்கினாள். டிரங்குப் பெட்டியிலிருந்து அண்ணனின் சட்டைகளை எடுத்து இஸ்திரி போட்டாள். மாடிப்படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

காந்தக்காவுக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன? ஆனால் முப்பது வருடத் தொழில் அவள் கண்ணைத் தூங்கவிடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். பிறகு கத்தி நுனியால் தட்டின் ஓரத்தில் தானே ஒரு கோடு இழுத்தாள். புதுக்கோடு மீன் செதில் மாதிரி பளிச்சென்று மின்னியது. நேற்றும் முந்தாநாளும் விழுந்த கீறல்களோ உள்ளே கறுத்து, அழுக்கேறி, ஓரம் மழுங்கிக் கிடந்தன. அப்படிக் கறுக்க நாற்பது வருடமாவது ஆகும்.

யாரோ இரவில் வந்து கீறியிருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். நேற்று இல்லாத கீறல் நாற்பது வருடப் பழசாக எப்படி இருக்கும்? தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் கடைக்காரரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு தையல்காரியைத் தேடிப் போனாள். மூன்றாவது மாடி, ஒற்றை அறை, ஜன்னலை ஒட்டி மிஷின். காந்தக்கா துணியைப் பிரித்ததும் தையல்காரி தட்டைப் பார்த்தாள். மிஷின் நின்றுபோனது.

"இதுல கோடு இருக்கு," என்றாள், ஒவ்வொரு சொல்லாக.

"வாங்கும்போது இல்ல. உங்க வீட்ல இடக்கைக்காரங்க யாராவது?"

"எங்கண்ணன். இடது கையால சாப்பிட்டான்னு அப்பா ஒருநாள் சாப்பாட்டு மேஜையிலயே அடிச்சாரு. பதினாலு வயசு. தட்டைத் தூக்கி எறிஞ்சிட்டுப் போனவன்தான். அந்தத் தட்டு நசுங்கிடுச்சு. அம்மா அதே மாதிரி இந்தப் புதுத் தட்டை வாங்கிட்டு வந்து தினமும் அவன் இடத்துல வெப்பாங்க. சாப்பாடு வெக்க மட்டும் அப்பா விடமாட்டாரு. ஓடிப்போனவனுக்கு வெறும் தட்டு போதும்பாரு. அப்பா போனதுக்கப்புறமும் அம்மாவுக்கு அதே பழக்கமாயிடுச்சு. நாப்பத்தி மூணு வருஷம், வெறும் தட்டு." தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சில நாள் சத்தம் கேக்கும். கத்தி தேயற மாதிரி. அம்மா நிமிந்து பாக்கவே மாட்டாங்க. தட்டுல ஒரு கோடும் விழுந்திருக்காது."

"எடுத்துக்கறீங்களா?"

"வேண்டாம்," என்று அவசரமாகச் சொன்னாள். பிறகு படி வரை வந்து காந்தக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்ல அவனுக்கு என்ன குடுத்தீங்க?"

அந்தக் கேள்வி பஸ்ஸில் வீடு வரை கூடவே வந்தது.

வீட்டில் நாத்தனார் மேஜையில் மூன்று பேருக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். காந்தக்கா அவளை உட்காரவைத்தாள். உலோகத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். கீறலின் கறுப்பு, பதினாலு வயசுப் பையன், வெறும் தட்டு. "அது உங்கண்ணன் இல்லடி. எனக்கும் அவர்னு சொல்லத்தான் வாய் துடிக்குது. ஆனா அவர் இல்ல."

நாத்தனார் பார்வையைத் திருப்பினாள். இஸ்திரி போட்ட சட்டைகள் நாற்காலியின் முதுகில் தொங்கின.

"அந்தச் சனிக்கிழமை நான்தான் அண்ணி வெச்சேன்," என்றாள் கடைசியில். "தினமும் அண்ணனுக்குன்னு ஒரு ரொட்டித் துண்டு தனியா எடுத்து வெப்பேன். நீங்க திட்டுவீங்கன்னு ஒளிச்சு வெச்சிட்டுக் காலையில தூக்கிப் போட்டுடுவேன். பதினோரு வருஷமா. அன்னிக்குக் கைக்குக் கிடைச்சது இந்தத் தட்டு."

தனக்குத் தெரியாமல் தன் வீட்டில் நாலாயிரம் ரொட்டித் துண்டுகளா! திட்ட வாயெடுத்த காந்தக்கா, நாத்தனாரின் தலையை ஒருமுறை தடவிவிட்டாள். அவ்வளவுதான்.

"உருக்கிடலாமா? அடுப்புல வெச்சா அஞ்சு நிமிஷம்," என்றாள்.

"யாரோ பெத்த புள்ள, பசியோட வந்து உக்காந்திருக்கான். தட்டை உருக்கறதா?" நாத்தனார் எழுந்து தட்டைக் கழுவினாள். பூ மேலே இருக்கும்படி மூன்றாவது இடத்தில் வைத்தாள். சூடான சாப்பாட்டை எடுத்து, வயசுப் பையன் சாப்பிடுகிற அளவுக்கு நிறையப் போட்டாள். கத்தியை யோசித்துப் பார்த்து இடப்பக்கம் வைத்தாள்.

நல்ல மதிய வெயில் மேஜை மேல் விழுந்தது. இருவரும் தங்கள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். முதலில் தெருச் சத்தம் மட்டும்தான். பிறகு மிக அருகில், மெத்தென்ற உலோகத்தில் கத்தி இழுபடும் சத்தம். நின்றது. மறுபடி இழுபட்டது. காந்தக்காவுக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. தட்டில் சாப்பாடு கொஞ்சம்கூடக் குறையவில்லை. ஆனால் அதன் ஆவி மட்டும் சட்டென்று அடங்கி, பழைய சோறு மாதிரி ஆறிப்போயிற்று.

சத்தம் ஓய்ந்தது.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டாள் நாத்தனார், காலி நாற்காலியைப் பார்த்து.

யாரோ யோசிக்கிற நேரம் கழிந்தது. மேஜை மேல் அந்தத் தட்டு அவள் பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்து வந்தது.

நாத்தனார் கரண்டியை எடுத்தாள். காந்தக்கா எழுந்து போய், சட்டிச் சாப்பாட்டை மறுபடி சூடு பண்ணினாள்.