கட்டைவிரல் வைக்கிற வீடு

"நோய் சுத்தமாப் போயிடுச்சு. இனிமே பழையபடி இருக்கலாம்" என்று டாக்டர் டிங்கரிடம் சொன்னார். மகள் கைதட்டிச் சிரித்தாள். டிங்கர் மேஜைக்கு மேலாக எட்டி டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். மனைவி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சதை ஏறியிருந்தது. மணிக்கட்டு பழைய தடிமனுக்கு வந்திருந்தது.

பழையபடி என்றால் என்னவென்று பாவம், டாக்டருக்கு என்ன தெரியும்? மோதி நசுங்கிய வண்டிகளின் ஒடுக்கைத் தட்டி எடுப்பது அவன் தொழில். பட்டறையில் நாளெல்லாம் நிமிர்த்திவிட்டு வீட்டுக்கு வந்து நசுக்குவான். பதினேழு வருஷக் கல்யாணத்தில் அவளுக்கு இரண்டு பல் போனது, இடது காது மந்தமானது, விலா எலும்பு ஒன்று கோணலாகச் சேர்ந்தது. காரணம் பெரிதாக ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் உப்பு. உப்பு குறைந்தால் தட்டு சுவருக்குப் போகும், அவள் தலைமுடி அவன் இடது கைக்குப் போகும், வலது கை தன் வேலையைப் பார்க்கும். வாய் அதுபாட்டுக்குத் தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டிருக்கும். மகள் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிடுவாள். அடி நின்ற பிறகுதான் குழாயும் நிற்கும். விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. போக ஓர் இடம் காட்டுகிறவர்கள்தான் இல்லை.

அப்புறம் அவன் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை வெட்டி எடுத்துவிட்டார்கள். கழுத்தடியில், சட்டையின் முதல் பொத்தான் இருக்கும் இடத்தில், ஒரு துளை. மூச்சு முழுக்க அது வழியாகத்தான். மூக்கும் வாயும் மூச்சுக்கு உதவாது. உள்ளே சின்னதாக ஒரு வால்வு பொருத்தினார்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு மூச்சை வெளியே விட்டால் கரகரவென்று பேச்சு வரும். விரலை எடுத்தால்தான் அடுத்த மூச்சை இழுக்க முடியும். "பேசறதுக்கு மட்டும்தாம்மா மூடணும். எடுக்க மறந்தா ஆள் போயிடுவாரு" என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு வந்த பத்து மாதத்தில்தான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எழுந்து நிற்கப் பலம் இல்லாதவன் மேஜையில் உட்கார்ந்து காய் நறுக்கப் பழகினான். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பேச வேண்டுமென்றால் தாடையைத் தூக்கிக் காட்டுவான். பக்கத்தில் இருப்பவர் துளைமேல் கட்டைவிரலை வைக்க வேண்டும். மகள் வைப்பாள், பாதிப் பேச்சில் எடுத்துவிடுவாள்.

"கணக்குல எவ்வளவு மார்..." காற்று.

"கழுதை, விரல வை..." மறுபடி காற்று.

"சிக்னல் இல்லப்பா" என்பாள் மகள். டிங்கர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துளை வழியாகப் புஸ் புஸ்ஸென்று காற்று விட்டுச் சிரிப்பான். மனைவிக்கு அந்தப் புஸ் சத்தம் பிடித்துப்போனது. பல்லை உடைத்தவனின் சிரிப்பு நமக்குப் பிடிக்கிறதே, வெட்கமில்லையா என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ளவும் செய்தாள். ஆனாலும் அந்தச் சிரிப்பு வீட்டை விட்டுப் போகக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

டாக்டர் சொன்ன நாலாம் நாள் டிங்கர் பட்டறைக்குப் போனான். பள்ளிக்கூடம் லீவு, மகள் வீட்டில் இருந்தாள். மதியத்துக்கு முன்பே அவன் திரும்பி வந்துவிட்டான். சட்டையெல்லாம் ரத்தம்.

"ஐயோ, என்னங்க இது? ரத்தம் எங்கேருந்து வருது?"

அவன் துளையில் விரலை வைத்தான். "என்னுது இல்ல. கஸ்டமருது. என் குரலக் கேட்டு, ரேடியோ கொரகொரங்குதேன்னு சிரிச்சான். சுத்தியல் பிடியால வாயில போட்டேன். மூணு பல்லு."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த தெம்பை அவள் பார்த்தாள். முதலாளி கும்பிடு போட்டு அனுப்பிவிட்டாராம். மேஜையில் உட்கார்ந்து தட்டைத் தட்டினான். அவள் மசித்த உருளைக்கிழங்கைப் பரிமாறினாள். உப்புப் போட மறந்திருந்தாள்.

ஒரு வாய்தான். தட்டு சுவரில் போய் மோதியது. மகள் எழுந்து ஓடினாள். தாழ்ப்பாள் விழுந்தது, குழாய் திறந்தது. பத்து மாதமாகக் கேட்காத அந்தத் தண்ணீர்ச் சத்தம் அவளுக்கு வலிக்கு முன்னாலேயே வந்தது. அதற்குள் அவன் இடது கை தலைமுடியைச் சுற்றிப் பிடித்துவிட்டது. முதல் குத்தில் உதடு கிழிந்தது. இரண்டாவது, காதோடு சேர்த்து. மூன்றாவதுக்குக் கையை ஓங்கினான். கூடவே திட்ட வேண்டும், வாயைத் திறந்தான். வெறும் காற்று வந்தது. ஒரு கையில் முடி, ஒரு கையில் குத்து. துளையை மூடக் கை இல்லை.

பத்து மாதப் பழக்கம். அவன் தாடையைத் தூக்கினான்.

அவளைத் திட்டுவதற்கும் அவள் விரல்தான் வேண்டியிருந்தது. அவள் வைத்தாள். விரலை இல்லை, உள்ளங்கை முழுவதையும்.

"உன்னக் கொன்னு..." என்று வந்தது. அதோடு காற்றுத் தீர்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. மறு கையால் அவன் பிடரியை வளைத்து அழுத்தினாள். அவன் விலாவில் குத்தினான், பழைய கோணல் எலும்பிலேயே குத்தினான். நாற்காலி விழுந்தது. இரண்டு பேரும் சுவரில் போய் மோதி, கிழங்குச் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தார்கள். அவன் முகம் கறுத்தது. கண் பிதுங்கியது. அந்தக் கண்ணில் பயத்தை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"முடிய விடு" என்றாள். பதினேழு வருஷம் அவனை 'நீங்க' என்று சொன்ன வாய்.

முடி விடுபட்டது. அதற்குப் பிறகும் ஒரு நொடி அவள் கை அங்கேயே இருந்தது. அந்த ஒரு நொடியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

கையை எடுத்தாள். மூச்சு ஊளையிட்டுக்கொண்டு உள்ளே போனது. அவன் நாலு காலில் விழுந்து இருமினான். அவள் பஞ்சுத்துணி எடுத்து, கொட்டிய சளியைத் துளையிலிருந்து துடைத்தாள். அதுவும் பழக்கம்தான். அவள் உதட்டு ரத்தம் அவன் கழுத்தில் சொட்டியது.

"பத்து மாசம் இதத் திறந்து வச்சது இந்தக் கைதான். இன்னொரு தடவ கை நீட்டினே, மூடினா எடுக்காது" என்றாள். பிறகு எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள். "குழாய மூடு. தண்ணி வீணாப் போகுது."

மறுநாள் போலீஸ்காரர் கஸ்டமர் விஷயமாக வந்து அவனை விசாரித்து எழுதிக்கொண்டார். போகும்போது மனைவியின் வீங்கிய உதட்டைப் பார்த்து, "இது?" என்று கேட்டார்.

"அதுக்கு நானே பதில் சொல்லிட்டேன் சார்" என்றாள்.

சுவரை அவனே கழுவினான். மூன்று நாள் யாரிடமும் தாடையைத் தூக்கவில்லை. நாலாம் நாள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மறுபடி உருளைக்கிழங்கு. இந்தத் தடவை அவள் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் உப்பைக் குறைத்திருந்தாள்.

அவன் ஒரு வாய் தின்றான். நிறுத்தினான். மகளின் கண் குளியலறைப் பக்கம் போனது. டிங்கர் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தான். கையில் வேலை எதுவும் இல்லை, அவனே மூடிக்கொள்ளலாம். ஆனாலும் மனைவியைப் பார்த்துத் தாடையைத் தூக்கினான்.

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கும்வரை அவனைக் காக்க வைத்தாள். பிறகு கட்டைவிரலை வைத்தாள்.

"உப்பு கம்மி" என்றான்.

அவள் விரலை எடுத்தாள். "டப்பா அடுப்புகிட்ட இருக்கு. போய் எடுத்துக்க."

அவன் எழுந்து போனான். டப்பாவோடு வந்து முதலில் மகள் தட்டில் போட்டான், அடுத்தது மனைவியின் தட்டில். "சிக்னல் நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றாள் மகள், மெல்லிய குரலில். பிறகு புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. மனைவிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கிழிந்த உதடு மறுபடி திறந்துகொண்டது. அவள் துடைக்கவில்லை. இடது கைக் கட்டைவிரலை அவன் கண்ணுக்குத் தெரியும்படி மேஜைமேல் வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.